பெயரில்லா மருத்துவன்

கொட்டகையில் விளக்கு அணைகிறது. வெண்திரையில் ஒளி பாய்கிறது. கதை தொடங்குமுன் பெயர்கள் அணிவகுத்து வருகின்றன. பணம் போட்டவர் பெயர், படமாக்கியவர் பெயர், நடித்தவர் பெயர், நாட்டியம் அமைத்தவர் பெயர், உடை தைத்தவர் பெயர், ஒப்பனை செய்தவர் பெயர். படப்பிடிப்புக்கு வீடு கொடுத்த கனவானுக்கு நன்றி, வண்டி கொடுத்த வள்ளலுக்கு நன்றி! இப்படி நீளுகிறது பட்டியல். அத்தனையும் ஓடி மறைந்தபின் ஒரே ஒரு கேள்வியை உங்கள் உள்ளத்தில் எழுப்பிப் பாருங்கள். இந்தக் கதை நோயுற்றுப் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, நள்ளிரவில் வந்து நாடி பிடித்து, செத்த காட்சியை அகற்றி, உயிருள்ள உரையாடலை ஊட்டி, எழுந்து நடக்க வைத்தானே ஒருவன், அவன் பெயர் எங்கே?

இல்லை! மறந்துபோனதால் இல்லாமற் போனதன்று. இருக்கக்கூடாது என்று பேசி முடித்ததால் இல்லை!

அமெரிக்கத் திரையுலகம் அவனுக்கு ஒரு பட்டம் சூட்டியிருக்கிறது. 'ஸ்கிரிப்ட் டாக்டர்' என்று அழைக்கிறது. திரைக்கதை மருத்துவன்! கல்லூரியில் படித்துப் பெற்ற பட்டமன்று; காகிதத்தைக் கிழித்துக் கிழித்துக் கற்ற தொழில். இரண்டாம் பாதி இழுக்கிறது என்றால் அவனை அழைப்பார்கள். நாயகி எதற்காக அழுகிறாள் என்பது நாயகிக்கே விளங்கவில்லை என்றால் அவனை அழைப்பார்கள். நாளை காலை படப்பிடிப்பு, இன்று மாலை வரை காட்சி அமையவில்லை என்றால் அவனை அழைப்பார்கள். வருகிறான், எழுதுகிறான், கூலி பெறுகிறான், போகிறான். வந்த சுவடும் இல்லை. போன சுவடும் இல்லை!

ஹாலிவுட்டைப் பற்றி இன்று நான் எழுதுவது அங்குள்ள பகட்டில் மயங்கியதால் அன்று. மறைந்து நின்று எழுதும் இந்தத் தொழிலுக்கு அங்கே ஒரு பெயர் உண்டு, ஒரு கணக்கு உண்டு. பெயருக்காகப் போராடிய சங்கம் ஒன்றும் உண்டு. அந்த வரலாற்றைப் படித்தால் நம் வீட்டுக் கணக்கும் விளங்கும்.

1939ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். 'கான் வித் தி விண்ட்' என்னும் மாபெரும் படத்தைத் தொடங்கிய தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக், சில வாரங்களிலேயே படப்பிடிப்பை நிறுத்தினார். இயக்குநரை மாற்றினார். பல கைகள் பட்டுப் பட்டுத் திரைக்கதை பாழாகிக் கிடந்தது. அப்போது அழைக்கப்பட்டவர் பென் ஹெக்ட். 1929இல் ஆஸ்கார் பரிசுகள் முதன்முதலாக வழங்கப்பட்டபோதே கதைக்கான பரிசைப் பெற்றவர் அவர். வேடிக்கை என்னவென்றால், மார்கரெட் மிச்செலின் அந்த நாவலை அவர் படித்ததே இல்லை! கதையை வாய்மொழியாகக் கேட்டார், தயாரிப்பாளரும் புதிய இயக்குநரும் பாத்திரங்களாகவே மாறி நடித்துக் காட்டினர், இவர் எழுதினார். 1954இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் அவரே இதைச் சொல்கிறார்.

என்ன எழுதினார்? இங்கேதான் உண்மையான மருத்துவனின் பண்பைக் காண்கிறோம். முதன்முதலில் சிட்னி ஹோவர்டு எழுதி, பிறகு மூலையில் ஒதுக்கப்பட்ட படியைத் தேடி எடுக்கச் சொன்னார். அதுவே சிறந்தது என்று கண்டார். அதைச் சுருக்கினார், செம்மைப்படுத்தினார். "என் எழுத்தே எழுத்து, மற்றவன் எழுத்து குப்பை" என்று இறுமாந்திருந்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருப்பார்! நோயாளியின் உயிரைக் காப்பதுதான் மருத்துவன் கடமை. தன் முகத்தை நோயாளிக்கு ஒட்டவைப்பது அன்று.

சிட்னி ஹோவர்டு அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் தம் பண்ணையில் டிராக்டர் விபத்தில் மாண்டார். டிசம்பரில் படம் வெளிவந்தது. 1940இல் ஆஸ்கார் பரிசு மறைந்தவர் பெயருக்கு வழங்கப்பட்டது. திரையிலும் அவர் பெயர் மட்டுமே. மாண்டவருக்குப் போன மாலையை நான் பறிக்கச் சொல்லவில்லை. வித்து அவருடையது, விளைவும் அவருக்குரியதே. ஆயின் வாடிய பயிருக்கு நீர் இறைத்தவன் அங்கே நின்றான் என்று ஒரு வரி எழுதினால், அந்த மாலையின் மணம் குறைந்தா போயிருக்கும்?

இன்னொரு காட்சி. 1972இல் வெளிவந்த 'காட்ஃபாதர்'. தோட்டத்தில் தந்தையும் மகனும் அமர்ந்திருக்கிறார்கள். வரப்போகும் துரோகத்தைப் பற்றி மகனை எச்சரிக்கிறார் கிழத் தந்தை. இடையிடையே பேச்சு தடம் மாறுகிறது. உனக்கு இந்த வாழ்வு வேண்டாம் என்றுதானே எண்ணியிருந்தேன் என்று அவர் நெஞ்சம் கசிகிறது. குருதி கொட்டும் கதையின் நடுவே ஒரு குடும்பத்தின் துயரம் நம்மைத் தொடும் இடம் அது. மூல நாவலில் அப்படி ஒரு காட்சி அமையவில்லை. எழுதிச் சேர்த்தவர் ராபர்ட் டவுன். திரையில் இருப்பவை மரியோ பூஸோ, பிரான்சிஸ் கொப்போலா என்னும் இரு பெயர்கள்.

1973இல் ஆஸ்கார் மேடையில் நின்ற கொப்போலா, அந்தத் தோட்டத்துக் காட்சியை எழுதியவர் டவுன் என்று உலகறியச் சொல்லி நன்றி கூறினார். பெருந்தன்மை! பாராட்டுகிறேன். ஆனால் தோழர்களே, தொழிலாளியின் உரிமை முதலாளியின் பெருந்தன்மையில் தொங்கலாமா? கொப்போலா நல்லவர், சொன்னார். சொல்லாதவர் எத்தனை பேர்? கூலி உரிமையாக வரவேண்டும், கொடையாக வரக்கூடாது. கூலிக்குப் பொருந்தும் இந்த நீதி பெயருக்கும் பொருந்தும்!

மூன்றாவதாக ஒரு பெண்மணி. 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் இளவரசியாக நடித்து உலகப் புகழ் பெற்ற கேரி ஃபிஷர். அவர் முகத்தை அறிந்தவர் கோடி. அவர் எழுதுகோலை அறிந்தவர் சிலர். 1991இல் வந்த 'ஹூக்', 1992இல் வந்த 'சிஸ்டர் ஆக்ட்' போன்ற படங்களின் உரையாடல்களுக்குப் பெயர் போடாமல் மெருகேற்றியவர் அவர். நல்ல கூலி கிடைத்த தொழிலை ஏன் விட்டீர்கள் என்று 2008இல் ஒரு பேட்டியில் கேட்டார்கள். அவர் சொன்ன காரணத்தைக் கேளுங்கள். வேலை கொடுக்குமுன், இந்தக் கதையை எப்படிச் சரிசெய்வீர் என்று குறிப்பு எழுதிக் கேட்பார்களாம். பல எழுத்தாளர்களிடமும் அப்படியே வாங்கிக்கொள்வார்களாம். குறிப்புகள் அவர்கள் பெட்டிக்குள் போகும். வேலை எவருக்கும் வராது! அது ஊதியமில்லா உழைப்பு என்றார். சொந்த முகத்துக்கே உலகப் புகழ் பெற்றவரிடமே இப்படிப் பறித்தார்கள் என்றால், முகவரி இல்லாத ஏழை எழுத்தாளன் எம்மாத்திரம்?

இதைப் படித்தபோது என் உள்ளம் ஹாலிவுட்டில் இல்லை, வடபழனியில் இருந்தது.

கோடம்பாக்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. 'கதை டிஸ்கஷன்' என்பார்கள். விடுதியில் ஓர் அறை எடுப்பார்கள். நாலைந்து இளைஞர்கள் தரையில் அமர்வார்கள். தேநீர் வரும், சில நாள் உணவும் வரும். "இந்த இடத்துக்கு ஒரு வழி சொல்லுங்கப்பா" என்பார் இயக்குநர். வழி சொல்வான் ஒருவன். இன்னொருவன் திருப்பம் சொல்வான். மூன்றாமவன் வசனமே சொல்லிவிடுவான். எழுதுவது ஒரு கை. எண்ணியது பத்துத் தலை. படம் வந்தால் பெயர் ஒன்று! பட்டம் பெறாமல் கல்லூரியை விட்டு வெளியேறி, மேடையில் பேசவும் நாடகம் எழுதவும் கற்றுக்கொண்டிருந்த நாளில், அப்படி ஓர் அறையில் 11 நாள் நானும் அமர்ந்திருக்கிறேன். நீதிமன்றக் காட்சி ஒன்று முடங்கிக் கிடந்தது. ஓரிரவில் அதை எழுதிக் கொடுத்தேன். ஓர் உறை கொடுத்தார்கள். பெயர் வரும் என்றும் சொன்னார்கள்.

எங்கள் ஊர்க் கொட்டகையில் அந்தப் படத்தைப் பார்த்தேன். என் காட்சிக்குக் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த தோழர் ஒருவர், "எழுதியவன் கைக்குப் பொன்காப்புப் போடவேண்டும்" என்றார். நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் நம்புவாரா? என் கையில் ஒரு துண்டுக் காகிதம் உண்டா? தன் பிள்ளையைத் தெருவில் கண்டும் பெயர் சொல்லி அழைக்க முடியாத தாயின் நிலை! எந்தப் படம், எந்தக் கூட்டம் என்று சொல்லமாட்டேன். ஒரு மனிதரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக நான் எழுதவில்லை. ஒரு வழக்கத்தை ஏற்றுவதற்காக எழுதுகிறேன்.

பழைய நாளில் ஜெமினி ஸ்டூடியோவில் 'கதை இலாகா' என்றே ஒரு துறை இருந்தது. கொத்தமங்கலம் சுப்பு போன்றோர் அங்கே சம்பளம் பெற்று எழுதினார்கள். ஒருவர் பெயர் ஒளிந்தாலும் துறையின் பெயராவது வெளியே தெரிந்தது. மாதம் பிறந்தால் சம்பளமும் வந்தது. இன்றைய விடுதி அறையில் துறையும் இல்லை, சம்பளமும் இல்லை, பெயரும் இல்லை! வசனம் எழுதியவர் பெயரைக் கேட்டுக் கொட்டகைக்கு மக்கள் திரண்ட நாடு இது. 1949இல் 'வேலைக்காரி', 1952இல் 'பராசக்தி'! நடிகனின் பெயரோடு எழுத்தாளனின் பெயரையும் உச்சரித்துப் பழகிய நாட்டிலா இந்த இருட்டறை?

"கலைக்குப் பெயர் எதற்கு? கோயில் கட்டிய சிற்பி பெயர் போட்டுக்கொண்டானா?" என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். தஞ்சைக்குப் போய்ப் பார்க்கட்டும்! இராஜராஜன் எழுப்பிய பெரிய கோயிலின் கல்வெட்டில் தலைமைத் தச்சன் குஞ்சரமல்லனின் பெயர் இருக்கிறது. அங்கே ஆடவந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர் ஒவ்வொன்றாக இருக்கிறது, அவர்கள் குடியிருந்த வீட்டு வரிசையோடு! ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கருங்கல்லில் கிடைத்த இடம், இன்று ஓடி மறையும் ஒளித்திரையில் கிடைக்காதா?

இன்னும் சிலர், "பணம்தான் வாங்கிக்கொண்டானே, பெயர் வேறு எதற்கு?" என்பர். பெயர் என்பது வீண் பெருமை அன்று, தோழர்களே! பெயர்தான் அடுத்த வேலையைக் கொண்டுவரும் தூதுவன். அமெரிக்காவில் ஒரு படம் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பாகும்போது எழுத்தாளருக்குக் கிடைக்கும் பங்குத்தொகை, திரையில் பெயர் உள்ளவருக்கே உரியது. பெயர் போனால் கூலியின் ஒரு பகுதியும் போகிறது. பெயரைப் பறிப்பவன் பையையும் பறிக்கிறான்!

ஆயினும் எதிர்த் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஹாலிவுட்டில் யார் பெயர் வரவேண்டும் என்பதை ஒரு காலத்தில் முதலாளிகளே முடிவு செய்தார்கள். எழுதாத நண்பனுக்கும் உறவினனுக்கும் பெயர் கொடுத்தார்கள், எழுதியவனை விட்டார்கள். 1933இல் எழுத்தாளர்கள் சங்கம் அமைத்துப் போராடத் தொடங்கி, 1942இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தில்தான் பெயரைத் தீர்மானிக்கும் உரிமையைத் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள். அதன்பின் சங்கமே கடுமையான விதிகளை வகுத்தது. இன்றும், ஒருவர் சொந்தமாகப் படைத்த திரைக்கதையில் பிறகு வந்து கைவைப்பவர், பாதியளவாவது எழுதினால்தான் பெயர் கேட்கலாம். தழுவல் படைப்பானால் மூன்றில் ஒரு பங்குக்குமேல் எழுதியிருக்க வேண்டும். பிணக்கு வந்தால் சக எழுத்தாளர் மூவர் எல்லாப் படிகளையும் படித்துத் தீர்ப்பளிப்பர்.

ஏன் இந்தக் கடுமை? நாலு வரியைத் திருத்திவிட்டு "நானும் எழுதினேன்" என்று நாற்காலி போட்டு உட்கார இயக்குநரும் தயாரிப்பாளரும் துடிப்பார்கள். மூல எழுத்தாளன் நசுங்கிப் போவான். அவனைக் காக்க எழுந்த வேலி அது. வேலி நல்லது. ஆனால் வேலிக்கு வெளியே நின்று பயிரைக் காத்த ஏழை மருத்துவனும் வெளியேயே நின்றுவிட்டான்! பத்தில் மூன்று பங்கு எழுதினாலும் அவன் பெயரற்றவன்.

பெயரை மறைக்கும் கை எப்போதும் முதலாளியின் கையாகவே இருக்கும் என்றும் எண்ணிவிடாதீர்கள். அரசின் கையாகவும் இருக்கும். 1947இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று திரைத்துறையினரைக் கூண்டிலேற்றி, நீ பொதுவுடைமைக் கட்சியில் இருக்கிறாயா என்று கேட்டது. விடை சொல்ல மறுத்த பதின்மரில் ஒருவர் டால்டன் டிரம்போ. 1950இல் சிறை சென்றார். வேலைக்கு எவரும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. ஆனால் அவர் எழுத்து மட்டும் எல்லோருக்கும் வேண்டியிருந்தது! 1953இல் வந்த 'ரோமன் ஹாலிடே' கதைக்கு நண்பர் ஒருவர் பெயரை இரவல் வாங்கினார். அந்தப் பெயருக்கு ஆஸ்கார் கிடைத்தது. 'தி பிரேவ் ஒன்' படத்துக்கு ராபர்ட் ரிச் என்னும் புனைபெயரைச் சூட்டினார். 1957இல் அதற்கும் ஆஸ்கார். பரிசை ஏற்க எழுதியவரால் மேடையேற முடியவில்லை! 1960இல்தான் அவர் சொந்தப் பெயர் மீண்டும் திரையேறியது. 'ரோமன் ஹாலிடே' பரிசு அவர் மனைவியின் கையில் சேர்ந்தது 1993இல். டிரம்போ மறைந்து ஏறத்தாழ 17 ஆண்டுகள் கழிந்திருந்தன. அந்தப் படத்தின் கதை அவருடையது, திரைக்கதையிலும் அவருக்குப் பங்கு உண்டு என்று சங்கம் பெயரை மீட்டுக் கொடுத்தது 2011இல்.

திரைக்கதை மருத்துவனைக் காசு மறைத்தது. டிரம்போவை அச்சம் மறைத்தது. விளைவு ஒன்றே. எழுத்து வேண்டும், எழுதியவன் வேண்டாம்!

ஆனால் இருட்டு நிலையானதன்று. 2021இல் அமெரிக்க எழுத்தாளர் சங்கத்து உறுப்பினர்கள் வாக்களித்து ஒரு புதிய வழி கண்டார்கள். மூல எழுத்தாளரின் இடத்தை எவரும் தொடவேண்டாம். ஆயினும் ஊதியம் பெற்று எழுதியும் பெயர் பெறாதவர்களின் பெயர்கள், படத்தின் முடிவில் 'கூடுதல் எழுத்து' என்னும் தலைப்பின்கீழ் வரட்டும் என்றார்கள். பங்குத்தொகை இல்லை, பெயர் உண்டு. வேலியையும் பிடுங்கவில்லை, காவல் காத்தவனையும் கைவிடவில்லை. எவ்வளவு எளிய தீர்வு! அதற்கு எத்தனை ஆண்டுகள்!

2023இல் வேறொரு புயல். மே 2ஆம் நாள் எழுதுகோலைக் கீழே வைத்தவர்கள் 148 நாள் எடுக்கவில்லை. சம்பளம் ஒரு காரணம். இயந்திரம் இன்னொரு காரணம். செயற்கை நுண்ணறிவு முதற்படியை எழுதும். எழுத்தாளனைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்வார்கள். திருத்துபவனுக்குக் குறைந்த கூலி, குறைந்த பெயர்! புரிகிறதா தோழர்களே? நேற்றுவரை ஒரு சிலரின் தலையெழுத்தாக இருந்தது, நாளை எல்லா எழுத்தாளரின் தலையெழுத்தாக இருந்தது. எல்லோரும் மருத்துவர்கள், எவருக்கும் பெயரில்லை! போராடினார்கள். இயந்திரத்தை எழுத்தாளனாகக் கொள்ள இயலாது, அதைக் காட்டி மனிதனின் பெயரைக் குறைக்க இயலாது என்று ஒப்பந்தத்தில் எழுத வைத்தார்கள். மறைந்து எழுதுபவன் ஒருவனுக்கு நேரும் அநீதியை மற்றவர் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த அநீதி ஒருநாள் அனைவர் வீட்டுக் கதவையும் தட்டும். இதுதான் பாடம்.

இங்கே நாம் கேட்கவேண்டியவை மூன்றே. கதை அறையில் அமரும் ஒவ்வொருவருக்கும், அமருமுன் ஒரு பக்க ஒப்பந்தம். அமர்ந்த ஒவ்வொரு நாளுக்கும் கூலி. படத்தின் முடிவில், உழைத்த ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு வரி. வானத்து நிலவைக் கேட்கவில்லை. வண்டி கொடுத்த வள்ளலுக்குக் கிடைக்கும் ஒரு வரியைத்தான் கேட்கிறோம்!

இதையெல்லாம் எழுதி முடித்துக் கையெழுத்துப் போடப்போனபோது என் கை நின்றது. தோழர்களே, உங்களிடம் மறைக்கமாட்டேன். நானும் குற்றவாளி.

என் நாடகம் ஒன்று 40 மேடைகளுக்குமேல் கண்டிருக்கிறது. அதன் இறுதிக் காட்சிக்கு மக்கள் கண்ணீர் விடுவதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். முதலில் நான் எழுதிய இறுதிக் காட்சி அதுவன்று. நாயகன் இரண்டு பக்கம் முழங்குவதாக எழுதியிருந்தேன். மேடைப் பேச்சாளன் எழுதினால் வேறெப்படி இருக்கும்? ஒத்திகையில், திரைக்குப் பின்னிருந்து வசனம் எடுத்துக் கொடுக்கும் தோழர் ஒருவர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். பகலில் மின்சார வேலை, இரவில் எங்கள் நாடகம் என்று வாழ்பவர். "அண்ணே, அவன் பேசவேண்டாம். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்தட்டும்" என்றார். எனக்குச் சினம் வந்தது. ஆயினும் நடித்துப் பார்த்தோம். ஒத்திகை அறையே ஊமையானது. என் இரண்டு பக்கமும் அன்றே கிழிந்தன.

நோட்டீசில் என்ன போட்டேன் தெரியுமா? கதை, வசனம், இயக்கம் என்று மூன்றுக்கும் என் பெயர் ஒன்றே! பொன்காப்பு வராததற்கு வருந்திய இந்தக் கை, இன்னொருவர் காப்பைத் தான் மாட்டிக்கொண்டது.

அவர் பெயரை இந்தக் கட்டுரையில் எழுதி அனுதாபம் தேடமாட்டேன். அது இருக்கவேண்டிய இடம் இதுவன்று. அடுத்த முறை எங்கள் நாடக நோட்டீஸ் உங்கள் ஊர்ச் சுவரில் ஒட்டப்படும்போது நின்று படியுங்கள். இறுதிக் காட்சி என்னும் சொல்லுக்கு எதிரே அவர் பெயர் இருக்கும். இல்லையென்றால், மேடைக்கு முன்னால் எழுந்து நின்று என்னைக் கேளுங்கள்!